ஆறாம் நாள், சோடியம் நூற்றியாறு

இன்று வகுப்பில் ஒரு பிள்ளையின் வாயில் மிளகு மணத்தது.

உடுப்பிட்டியிலிருந்து வரும் பிள்ளை, இரண்டாம் வருடத் தாதி மாணவி. கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னாள். இரத்தத்தில் சோடியம் நூற்று முப்பத்தைந்துக்கும் நூற்று நாற்பத்தைந்துக்கும் இடையில் இருக்கவேண்டும் என்றாள். அவளுடைய கொப்பியைப் பார்க்க நான் குனிந்திருந்தேன். வெறும் வயிற்றின் புளித்த மூச்சும் அதற்கு மேலே மிளகும் என் முகத்தில் அடித்தன. கையிலிருந்த டஸ்டரை மேசையில் ஓங்கி அறைந்தேன். சோக்குத் தூள் அவளுடைய வெள்ளைச் சட்டையெல்லாம் பறந்தது.

"என்ன குடிச்சனீர்? எத்தினை போத்தல் குடிச்சனீர்?"

"கந்தசஷ்டி மிஸ்," என்றாள் சட்டையைத் தட்டிக்கொண்டு. "இண்டைக்கு மூண்டாம் நாள். தண்ணியும் மிளகும்தான்."

வகுப்பு முழுவதும் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னாலே கைதான் ஓடும். அது உனக்குத் தெரியும். வாங்கினவளே நீதானே.

உனக்கு நான் ஒருநாளும் கடிதம் எழுதியதில்லை. பத்து வருடம் ஒரே வாட்டில், ஒரே சாப்பாட்டுப் பெட்டியில், ஒரே கிளினிக் கொப்பிக்குள் இரண்டு பேருடைய பிரஷர் குளிசையையும் மடித்து வைத்துக்கொண்டு திரிந்தவர்களுக்கு என்ன கடிதம்? இப்போது எழுதுகிறேன். ஏழு வருடமாக எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை நீ இல்லாத இடத்தில்தான் சொல்ல முடிந்தது, அதுவும் இன்றைக்குத்தான்.

முதலில் அந்த ஐயாவைச் சொல்லவேண்டும். பண்டத்தரிப்பிலிருந்து கொண்டுவந்த ஐயா. பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடந்த மனுசன். தண்ணீர் கொடுத்தால் பாயை நனைக்கிறார் என்று வீட்டுக்காரர் தண்ணீரைக் குறைத்திருந்தார்கள். அதற்கு மேல் காய்ச்சல் வேறு. வரும்போது நாக்கு காய்ந்த ஓலை மாதிரி இருந்தது. சோடியம் நூற்று அறுபத்தெட்டு. தண்ணீர் வேண்டாமல் இல்லை, கேட்கத்தான் வாய் வரவில்லை. நீ கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தாய், நான் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சாகக் கிடந்த அந்த உடம்புக்குள் அவ்வளவு வலு எங்கே இருந்ததோ தெரியாது. என் பிடியை உதறிக்கொண்டு வாதம் பிடிக்காத காலால் உன் வயிற்றில் உதைத்தார். நீ மடங்கி விழும்போது முட்டிக் கையால் உன் வாயில் குத்தினார். ஊசி கழன்று இரத்தம் சீறி உன் கழுத்தெல்லாம் தெறித்தது. உதடு கிழிந்து தொங்க நீ எழும்பினாய். எழும்பி அவருடைய கன்னத்தில் ஒன்று விட்டாய். கட்டில் கம்பி அதிர்ந்தது.

அவருடைய மகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தகப்பனுக்குத் தண்ணீரைக் குறைத்த அதே மகன்தான் முறைப்பாடு எழுதிக் கொடுத்தான். எனக்கு இன்றைக்கும் அவனைக் கண்டால் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள். "அடிச்சவ" என்றேன். "அவரும் அடிச்சவர், வருத்தத்திலை" என்றும் சொன்னேன். முதலில் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டார்கள். உன்னை வன்னிக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

அந்த ஐயாவுக்கு நாங்கள் இரண்டு நாளாக, மெல்ல மெல்ல, தண்ணீர் ஏற்றினோம். அவசரப்பட்டு ஊற்றினால் காய்ந்து சுருங்கின மூளை ஊறின கடலை மாதிரி வீங்கிவிடும் என்று புதுசாக வந்த பிள்ளைகளுக்கு நீதான் சொல்லிக்கொடுத்தாய். "உப்பைப் பாக்காதேங்கோ, தண்ணியைப் பாருங்கோ. கூடிறதும் குறையிறதும் தண்ணிதான்." மூன்றாம் நாள் ஐயாவுக்குத் தெளிந்தது. உன் உதட்டுத் தையலைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உமக்கு வாயிலை என்ன காயம்?" என்று இரக்கமாகக் கேட்டார். நீ சிரித்தாய்.

"மாடு இடிச்சது ஐயா."

ஒன்றுமே அவருக்கு ஞாபகம் இருக்கவில்லை. உதைத்தவர் வேறு யாரோ. இதை நான் கண்ணால் கண்டேன், காதால் கேட்டேன். பிறகும் அது எனக்கு உதவவில்லை.

மாற்றக் கடிதம் வந்த அன்றைக்கு உடுப்பு மாற்றும் அறையில் நீ சொன்னாய்: "நீ உண்மையைச் சொன்னனி. அதுக்கு உன்னோடை கோவிக்கேலாது. ஆனால் உன்ரை முகத்தைப் பாக்கவும் ஏலாதடி." இரண்டு பேரும் பாவித்த அலுமாரியின் திறப்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒரு சொல் இல்லை. திரும்ப யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கிடைத்தால் கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீரும் மிளகுமாக இருப்பதாக நீ நேர்த்தி வைத்தது எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். மாற்றம் கிடைத்தது. நீ கொக்குவிலுக்கு, உன் தங்கை வதனியோடு வந்துவிட்டாய். ஐப்பசியில் விரதம் தொடங்கினாய்.

ஆறாம் நாள் காலை பத்தரை மணிக்கு வதனி போன் எடுத்தாள். "அக்கா, ஒருக்கா வாங்கோ. அவ ஒரு மாதிரிக் கதைக்கிறா. விரதக் களைப்போ தெரியேல்லை." எனக்கு ஒரு மணிக்குத்தான் வேலை. அப்போது நான் அவசரப் பிரிவில். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, ரயில் கடவையில் காத்து நின்று, ஒழுங்கைச் சேற்றுக்குள்ளால் வந்தேன். வரும்போது எனக்குச் சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நீ சுகமில்லாமல் இருக்கிறாய் என்று கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அந்தச் சாட்டிலாவது வீட்டுப் படலையைத் திறப்பாய் என்று நினைத்தேன்.

நீ கிணற்றடியில் நின்றாய். விடிய விடியப் பெய்த மழையில் கிணறு கைக்கெட்டும் மட்டத்துக்கு நிரம்பியிருந்தது. செம்பை முக்கி முக்கிக் குடித்தாய். பாதித் தண்ணீர் நெஞ்சால் வழிந்தது. வாழைக்கடியில் சத்தி எடுத்திருந்தாய், வெறும் தண்ணீர். இடது செருப்பு வலது காலில். வதனியை "அம்மா" என்று கூப்பிட்டாய். உங்கள் அம்மா செத்து எத்தனை வருடம்!

"ஆறு நாளும் வேறை ஒண்டும் வாயிலை வைக்கேல்லை அக்கா," என்றாள் வதனி. "தலையிடி எண்டு விடிஞ்சதிலை இருந்து செம்பு செம்பாக் குடிக்கிறா. பிரஷர்க் குளிசையும் விடேல்லை."

அந்தக் குளிசை என்ன குளிசை என்று எனக்குத் தெரியும். சிறுநீரோடு உப்பையும் இழுத்துக்கொண்டு போகும் குளிசை. சாப்பாடு இல்லை, உப்பு உள்ளே போகவில்லை, இருந்த உப்பும் வெளியே போகிறது, மேலே மேலே தண்ணீர் விழுகிறது. தலையிடி, சத்தி, தடுமாற்றம். முதலாம் வருடப் பிள்ளைகூட விரல் மடித்துச் சொல்லிவிடும். பதினைந்து வருடம் வேலை செய்த நான் வாய் திறக்கு முன் நீ திரும்பிப் பார்த்தாய்.

"வந்திட்டியோ? கொப்பி கொண்டந்தனியோ? எழுதடி. நான் ஆரை அடிச்சனான் எண்டு எழுது."

அந்த ஒரு சொல்லோடு என் படிப்பு அவ்வளவும் கழன்று விழுந்தது. அதற்குப் பிறகு நான் கண்டது வருத்தக்காரியை அல்ல, என்னில் வஞ்சம் வைத்திருந்தவளை. நீ செம்பை எறிந்தாய். புருவத்தில் பட்டுத் தோல் பிளந்தது. கண்ணுக்குள் இரத்தம் போய் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்குள் என் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கிணற்றுக் கட்டில் மோதினாய். ஒருதரம் அல்ல, இரண்டு தரம். "என்ரை ரண்டு வருசத்தைத் திண்டிட்டாய் நாயே!" உன் நகம் என் கழுத்தில் இறங்கியது. வதனி கத்திக்கொண்டு உன் இடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

நான் விடுபட்டேன். விடுபட்டபின் அடித்தேன். இதை நன்றாகக் கேள். தப்புவதற்காக அடிக்கவில்லை, தப்பினபிறகு அடித்தேன். முதல் அடி காதில் பட்டது. அது போதவில்லை என்று நின்று, நிதானமாக, உள்ளங்கை முழுவதும் படும்படி கன்னத்தில் இரண்டாவதை விட்டேன். நீ சேற்றில் இருந்துவிட்டாய். என்னை அண்ணாந்து பார்த்துச் சிரித்தாய். பிறகு கையைத் தடவித் தடவிச் செம்பைத் தேடினாய்.

"செத்துத் துலை," என்றேன்.

வதனியின் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன். வழியில் ஒரு ஃபார்மசியில் பிளாஸ்டர் வாங்கிப் புருவத்தில் ஒட்டினேன். வேலைக்குப் போன இடத்தில் என்னவென்று கேட்டார்கள். படலை இடித்தது என்றேன். பொய் சொல்லப் பழகும் நாளாக அது எனக்கு அமைந்தது.

மிச்சத்தை வதனி சொல்லித்தான் அறிந்தேன். நான் போனபிறகு நீ அடங்கிப்போனாய். படுத்தாய், கூப்பிட்டால் முனகினாய். அடி வாங்கித்தான் அடங்கியது என்று அவள் நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அடங்கவில்லை, மூளை உள்ளே நிரம்பிக்கொண்டிருந்தது. உடம்பில் வேறெங்கு வீங்கினாலும் தோல் இடம் கொடுக்கும். மண்டை ஓடு இடம் கொடுக்காது. முதலில் மரியாதை போகும், பிறகு பேச்சுப் போகும், பிறகு உடம்பு வெட்டி இழுக்கும், கடைசியில் மூச்சு. ஆறு நாள் இருந்துவிட்டுச் சூரன்போர் பார்க்காமல் விட்டால் நேர்த்தி குறையாகிவிடும் என்று அயலுக்குள் இரண்டு பேர் உன்னைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

சூரனைத் தோளில் தூக்கினவர்கள் வீதி முழுவதும் ஆட்டி ஆட்டி ஓடிவர, தவில் அடி உச்சத்தில் இருக்க, நீ கையை வீசத் தொடங்கினாய். பக்கத்தில் நின்ற மனுசியின் முகத்தில் அடித்தாய். சனம் விலகிக் கும்பிட்டது. உரு வந்துவிட்டதாம். ஒருத்தி செம்புத் தண்ணீரை உன் தலையில் ஊற்றினாள், இன்னொருத்தி தீர்த்தம் என்று வாய்க்குள் ஊற்றினாள். உனக்கு நஞ்சாகியிருந்தது தண்ணீர் என்று அந்தச் சனத்துக்கு யார் சொல்வது? தெரிந்த ஒருத்தி புருவத்தில் பிளாஸ்டரோடு ஆஸ்பத்திரியில் நின்றாள். நீ விழுந்து இழுத்தாய். ஆறு பேர் ஏறிக் கைகாலை அமத்தினார்கள். இரும்பு பட்டால் வலிப்பு அடங்கும் என்று கையில் திறப்புக் கோர்வையைத் திணித்தார்கள். நாக்கைக் கடிக்கிறாய் என்று யாரோ கரண்டியை விட்டு நெம்பியதில் முன்பல் ஒன்று முறிந்தது.

ஐந்தரை மணிக்கு உன்னைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். சேலையெல்லாம் மண், வாயெல்லாம் இரத்தம், கன்னத்தில் என் நான்கு விரலும் அச்சொட்டாக.

இளம் டொக்டர் ஒருவர் நின்றார். உன் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். "கன்னத்திலை என்ன இது? ஆரும் அடிச்சவையோ?"

வதனி என்னைப் பார்த்தாள். இவள் சொல்லட்டும் என்று விட்டாள்.

"விழுந்திருப்பா டொக்டர்," என்றேன். "கோயிலடியிலை சனம் தள்ளினதாம்."

அதையே துண்டிலும் எழுதினேன். விழுந்தவ. என் கையெழுத்து எப்போதும் வடிவு என்று நீ பகிடி பண்ணுவாய், அன்றைக்கும் வடிவாகத்தான் இருந்தது.

விழுந்து வலிப்பு வந்த ஆளுக்கு டொக்டர் எதை நினைப்பார்? தலைக்குள் இரத்தக் கசிவைத்தான். உடனே ஸ்கானுக்குக் கொண்டுபோகச் சொன்னார், அவரில் குற்றம் இல்லை. நான் எடுத்த உன் இரத்தம் குழாயில் அடைத்தபடி தட்டத்தில் கிடந்தது. அதைக் கையோடு ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, "சோடியத்தைப் பாருங்கோ, ஆறு நாள் வெறும் தண்ணி, உப்பிழுக்கிற குளிசை வேறை" என்று ஒரு வசனம் சொன்னால் போதும். சொன்னால் அதெல்லாம் உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். காலையில் வீட்டுக்குப் போனேன் என்று சொல்லவேண்டும். போய் என்ன செய்தாய் என்பது அடுத்த கேள்வி. அடித்த தாதிக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? உனக்கு நடந்தது நான் சொல்லித்தானே.

ஒரு மணித்தியாலம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். வேறு காயக்காரனுக்குத் தையல் போடக் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தேன். ஸ்கான் அறை வாசலில் உனக்கு இரண்டாம் தரம் வலிப்பு வந்தது. அதைக் கேட்டபிறகுதான் குழாயை எடுத்து நானே கொண்டு ஓடினேன். ஆய்வுகூடத்திலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள்: நூற்றியாறு. திரும்பவும் பார்த்துச் சொல்லச் சொன்னேன். நூற்றியாறுதான்.

கடும் உப்புச் சேலைன் ஏற்றினார்கள், தொண்டைக்குள் குழாய் விட்டார்கள். செய்யக்கூடியது எல்லாம் செய்தார்கள். ஸ்கானில் கசிவு இல்லை, வீக்கம்தான். கண்மணி இரண்டும் விரிந்துபோயிருந்தன. அடுத்த நாள் காலை, ஊரெல்லாம் விரதம் முடித்துப் பாறணைக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருக்க, எட்டு மணிக்கு நீ போனாய். வதனி நெஞ்சில் அடித்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. மருந்து அறைக்குள் போய்ச் சுவரில் கையைக் குத்தினேன். விரல் எலும்பு ஒன்று வெடித்தது. அதையும் விழுந்ததாகச் சொன்னேன்.

பிறகு நான் படிப்பித்தலுக்கு மாறினேன். வருடா வருடம் சோடியம் பாடத்தில் உன் கதையைப் பெயர் சொல்லாமல் சொல்லுகிறேன். குறைந்தால் என்ன, கூடினால் என்ன, ஏன் மெல்ல மெல்லச் சரிக்கட்டவேண்டும், உங்களை அடிக்கிற நோயாளியைத் திரும்பப் பார்க்குமுன் அவருடைய இரத்தத்தைப் பாருங்கள், எல்லாம் சொல்லுவேன். கதையில் கன்னத்து அடி வரும் இடத்தில் "ஒரு சொந்தக்காரி அடிச்சுப்போட்டா" என்று கடந்துவிடுவேன்.

வதனி என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கீரிமலையில் உன் அந்தியேட்டிக் கிரியை முடிந்து எல்லாரும் வான் வண்டியில் ஏறும்போது மட்டும் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கடல் இரைச்சலில் மெல்லமாகத்தான் சொன்னாள்.

"அண்டைக்கு நானா உங்களுக்குப் போன் எடுக்கேல்லை அக்கா. அவதான் எடுக்கச் சொன்னவ. விடிய ஏழு மணிபோலை, தெளிவாத்தான் இருந்தவ. 'எனக்குத் தலைக்கை ஏதோ செய்யுது, அவளைக் கூப்பிடு. அவள் வந்து பாத்தால் என்னெண்டு சரியாச் சொல்லுவாள். அவள் ஒருநாளும் பொய் சொல்லமாட்டாள்' எண்டவ. நான்தான் பத்தரை மட்டும் யோசிச்சுக்கொண்டு இருந்திட்டன்."

சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டாள். அவள் தன்னைத்தான் குற்றம் சொன்னாள். எனக்கு அவள் செருப்பால் அடித்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். இரண்டு வருடம் என் முகத்தைப் பார்க்காத நீ, தலைக்குள் தண்ணீர் ஏறுகிற நேரத்தில் என்னைத்தான் நம்பினாய். எதற்காக என்னோடு பேசாமல் விட்டாயோ, அதற்காகவே கூப்பிட்டிருக்கிறாய். கிணற்றடியில் என்னைத் திட்டினது நீயா, நூற்றியாறா என்று ஏழு வருடம் மண்டையை உடைத்தேன். நீயாகவே இருந்தாலும் நியாயம்தான். என்னைக் கூப்பிட்டது நீதான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்று அந்த உடுப்பிட்டிப் பிள்ளைக்கு உப்புக் கஞ்சி வாங்கிக் கொடுத்துக் குடிக்க வைத்தபிறகு வகுப்பைத் திரும்பத் தொடங்கினேன். கதையைச் சொன்னேன். வழக்கம்போலக் கடக்கப் பார்த்தேன். அவள் கையை உயர்த்தினாள்.

"மிஸ், அந்தச் சொந்தக்காரி டொக்டரிட்டை ஒண்டும் சொல்லேல்லையோ? அவவுக்கு எல்லாம் தெரியுந்தானே?"

"சொந்தக்காரி இல்லை," என்றேன். "நான். அடிச்சது நான். விழுந்தவ எண்டு எழுதினதும் நான். இரத்தம் தட்டத்திலை கிடக்க ஒரு மணித்தியாலம் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டதும் நான்."

ஒருவரும் எழுதவில்லை. முன்வாங்கில் இருந்த ஒருத்தி அழத் தொடங்கினாள், எனக்கு அவளில் எரிச்சல் வந்தது. கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் கேட்டது, முகம் தெரியவில்லை.

"நீங்கள் சொல்லியிருந்தால் அவ பிழைச்சிருப்பாவோ மிஸ்?"

இல்லை என்று சொல்லலாம். அந்த நேரத்துக்கு எல்லாம் பிந்திப் போயிருந்தது என்று சொல்லலாம். டொக்டர்மார் அப்படித்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். பிள்ளைகளும் அதைத்தான் எதிர்பார்த்து இருந்தார்கள், நான் சொன்னால் நம்பியிருப்பார்கள்.

"காலமை கிணத்தடியிலை வைச்சுச் சொல்லியிருந்தால், ஓம், பிழைச்சிருப்பா," என்றேன்.

நீ கூப்பிட்ட ஆள் இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தாள்.